உங்கள் சக்தி இன்றிரவு வெட்டப்படும்

'அன்பான நுகர்வோரே,
கடந்த மாத மசோதா புதுப்பிக்கப்படாத காரணத்தால்
உங்கள் சக்தி இன்றிரவு 9.30க்கு வெட்டப்படும்.
உடனே மின்சார அலுவலரைத் தொடவும்.'

தொடவேண்டிய அலுவலர் நான்தான்.
ஓட்டேரி பிரிவு, இரண்டாம் கவுண்ட்டர்,
பத்தொன்பது வருடமாய் ஒரே நாற்காலி.

சக்தி என் வீட்டுக்காரர்.
போனை நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
இரண்டு தடவை படித்தார்.
"ஒன்பதரைக்குத்தானே?
அதுக்குள்ள சாப்பிட்டுடலாம்."

ரசத்துக்கு வந்தபோது அழைப்பும் வந்தது.
"அம்மா, கரண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்."
"நானும் கரண்ட் ஆபீஸ்லேர்ந்துதான் பேசுறேன்."
அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி
எண்ணெய் கேட்டுக் கிறீச்சிட்டது.
"எந்த பிராஞ்ச்?"
"ஓட்டேரி. நீங்க?"
"ஹெட் ஆபீஸ்."
"எங்க இருக்கு அது?"
"மெயின் ரோட்டுல."

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை.
மனசு கேட்கவில்லை, சொல்லிக்கொடுத்தேன்:
தம்பி, இந்த ஊரில் ரெண்டு மாசத்துக்கு ஒரு கணக்கு,
போன மாச பில் என்று தனியாய் ஒன்று கிடையாது.
மசோதா சட்டசபைக்குப் போகும், எங்களிடம் வராது.
ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கச் சொன்னால்
எங்கள் ஒயர்மேன் தேவஇரக்கம்
முதலில் என்னைப் பிடுங்குவார்.

"கரெக்ட் மேடம்" என்றான்.
"கரெக்ட் மேடம்."
எழுதிக்கொள்கிறானோ என்று
பாதியில் நிறுத்தினேன்.

அப்போது போனது.
மணி ஒன்பது இருபத்தொன்பது.
"போயிடுச்சு" என்றேன்.
"என்ன மேடம்?"
"கரண்ட்."
"நெஜமாவா?"

நாளெல்லாம் ஊருக்குச் சாபம் விடுகிறவனுக்கு
முதன்முதலாக ஒன்று பலித்திருக்கிறது.
"மேடம், சத்தியமா நான் பண்ணல"
என்று வைத்துவிட்டான்.

பில்லர் பாக்ஸில் பெருச்சாளி.
மறுநாள் காலையில் வால் மட்டும் கிடைத்தது.
ஆனால் அந்த இருட்டில் அதை யார் நம்புவார்கள்?
தெரு முழுக்க அதே செய்தி போயிருக்கிறது.
பால்கனி பால்கனியாய் செல்போன் வெளிச்சத்தில்
மசோதாக்கள் நிறைவேறிக்கொண்டிருந்தன.

எதிர் பிளாக் மோகனசுந்தரம்
கைலியோடு ஓடிவந்தார்.
நான் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அனுப்பிய
மூன்று நோட்டீசையும் எட்டாய் மடித்து
ஆடும் கட்டில்காலுக்கு முட்டுக்கொடுத்தவர்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் பாக்கியைக் கட்ட
நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்.
"கட்டிட்டேன்மா! பத்து ரூபாதான் கேட்டான்.
ஏதோ ஆப் போடச் சொன்னான், போட்டுட்டேன்.
கரண்ட்ட விடச் சொல்லுங்க."

பத்து நாற்பதுக்கு வந்தது.
"பாத்தீங்களா!" என்றார்.
பத்து நாற்பத்திரண்டுக்கு
அவர் கையிலிருந்த போன் சிணுங்கியது,
மறுபடி சிணுங்கியது,
மறுபடியும்.
பதினோராயிரம்.

இப்போதெல்லாம் என் நோட்டீசை
வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.
"இது நீங்கதானாம்மா?"
நான்தான் என்றால் முகம் இன்னும் சுருங்குகிறது.
பாக்கி அப்படியே இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு மதியம்
கஸ்டம்ஸ் அதிகாரி ஒருவர் கூப்பிட்டார்.
மும்பை விமான நிலையத்தில் என் பெயருக்குப் பார்சலாம்,
உள்ளே ஐந்து பாஸ்போர்ட்டும் ஒரு புலித்தோலுமாம்.
பின்னால் அதே மின்விசிறி.
"தம்பி, ஓட்டேரி பேசுறேன்."

கொஞ்ச நேரம் விசிறி மட்டும் பேசியது.
பிறகு அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.
"அன்னிக்குக் கரண்ட் எப்ப வந்துச்சு மேடம்?"
"பத்து நாப்பதுக்கு."
"அப்பாடா" என்றான்.

"மோகனசுந்தரத்தோட பதினோராயிரம் எப்ப வரும்?"

ஆள் அனுப்பவில்லை,
ஏணி வைக்கவில்லை, கட்டையைத் தொடவில்லை.
அவ்வளவு சுத்தமான துண்டிப்பை
எங்கள் வாரியம்கூட
இதுவரை செய்ததில்லை.