நாற்பத்தொரு நாள்

தொள்ளாயிரத்துப் பதினேழு பொதிகள்.
தொடரலாமா என்று கேட்டது. ம் என்றேன்.
எதற்கும் அப்படிச் சட்டென்று
ம் சொல்லக் கூடாது.

மறுதொடக்கம். கறுப்புத் திரை.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
மின்னி அணைகிறது, மின்னி அணைகிறது,
சொல்ல வந்ததை மறந்துவிட்டு
வாசலிலேயே நிற்பவர்போல.

லியெபாயாவில் நவம்பர். இரவு ஒன்றரை மணி.
கடல்காற்று ஜன்னல் இடுக்கில் சீட்டியடிக்கிறது.
மீனுக்குச் செதில் சீவும் இயந்திரத்தின் கையேடு
ஜெர்மனிலிருந்து லாட்வியனுக்கு, காலை ஒன்பதுக்குள்.
பாதிக்கு மேல் முடித்தாயிற்று.
அது இந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது,
என்னிடமிருந்தும் பத்திரமாக.

அப்டேட்டைத் திட்டினேன். முதலில் அதைத்தானே திட்டுவோம்.
ஆல்டிஸ் சொல்வான், "என்னுடையதை
ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் தொடுவேன்."
அவன் குளிர்கால பூட்ஸும் அப்படித்தான்.
எனக்கு இது பிடித்திருக்கிறது, பதிப்பு எண் இல்லாதது.
எத்தனையாவது நீ என்று கேட்டால்
இன்றைக்கு, என்று மட்டும் சொல்வது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
எழுத்து மட்டுமே உள்ள திரை. பாஸ்வேர்ட். உள்ளே விட்டது.
வைஃபை இல்லை. ஒலி இல்லை.
கிராபிக்ஸ் அட்டையா, அப்படி ஒருவரைத் தெரியாதே என்கிறது.
ஓடும் கர்னல் எது என்றேன்:
செப்டம்பரில் கட்டியது.
மாட்யூல்களின் அடைவைத் திறந்தேன்:
நவம்பரில் கட்டியவை மட்டும்.
பழைய தலை விழித்துக்கொண்டு
தன் கைகால்களைத் தேடுகிறது.
போர்வைக்குள் இருப்பவை வேறு யாருடையவோ.

லாக்கைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
அக்டோபர் மூன்று, மாலை ஆறு இருபது: பன்னிரண்டு பொதிகள்.
அடுத்த வரி, நவம்பர் பதின்மூன்று.
நடுவில் ஒரு வெற்றுவரிகூட விடவில்லை.
இயந்திரத்துக்கு அந்த நாற்பத்தொரு நாள்
நடக்கவே இல்லை.

எனக்கு நடந்தது.
ரீகாவில் மருத்துவமனை, நான்காவது மாடி,
ஐம்பது சென்ட்டை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல நிற்கும் காப்பி எந்திரம்,
எக்ஸ்ரேயில் நொறுங்கிய பிஸ்கட்டாக
இல்கோனிஸின் இடுப்பு.
முப்பது வருடம் துறைமுகக் கிரேன்களின் உச்சியில் நின்றவன்.
விழுந்தது மூன்றாவது படியிலிருந்து.
கீழேயிருந்து மூன்றாவது.

பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்தேன்,
எந்த வட்டுப் பகுதி எங்கே பொருந்தும் என்று சொல்வதை.
பூட் பகுதியின் வரிக்கு முன்னால்
ஒரு ஹாஷ் குறி.
நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு,
ஜன்னலுக்கு ஆணியடித்த பலகைகள்.

என் கைதான்.
அன்று மாலை ஏதோ பிழை காட்டிக்கொண்டே இருந்தது.
நாளைக்குப் பார்க்கலாம் என்று வாயடைத்தேன்.
இன்னொரு வரி தட்டுவதற்குள் ஃபோன் அடித்தது.

ஆக, புதுக் கர்னல் நேற்றிரவு
சரியான முகவரிக்குத்தான் வந்திருக்கிறது.
அங்கே வீடு இல்லை.
வெற்று மனையில் பெட்டியை இறக்கிவிட்டுப்
போய்விட்டது. அதன்மேல் என்ன தப்பு.

பென்டிரைவிலிருந்து கிளப்பி,
வெளியிலிருந்து என் வீட்டுக்குள்ளேயே ஏறிக் குதித்து,
ஹாஷை அழித்து, பகுதியை ஏற்றி,
கர்னலை மறுபடி நிறுவினேன்.
நான்கு கட்டளை. தேடியது இரண்டு மணி நேரம்.

சுவருக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டது.
ஊன்றுகோல், கால். ஊன்றுகோல், கால்.
அறுபது வயதுத் தலையும் ஐந்து வாரத்து டைட்டானியமும்
இன்னும் ஒன்றையொன்று
முழுசாக நம்பவில்லை.

"விஸ்மா, ஓடுகிறதா அது?"
"நீ ஓடுகிறாயா?"
"கழிப்பறை வரைக்கும்."

திரை வந்தது, நீலம், என் பழைய நீலம்.
செதில் தகட்டின் கோணத்தைச் சரிபார்க்கும் முன்
மின் இணைப்பைத் துண்டிக்கவும், என்ற வாக்கியத்தில்
கர்சர் காத்திருந்தது.
மூலையில் ஓர் அறிவிப்பு:
ஆறு புதிய பொதிகள்.

ஒன்பதுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றேன்.
சொன்ன பிறகு
ஃபோனை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.