காயம்பட்டவன் வேடம்

பூலாவ் உபின் படகுத்துறை, ஞாயிறு காலை.
ரோஸ் சிரப்பில் சோளமாவு கரைத்து
என் தொடையில் ஊற்றினார் தாதி வசுமதி.
பத்தே நிமிடத்தில் எறும்பு வந்துவிட்டது.

இன்று எனக்கு லாரியில் அடிபட்ட வேடம்.
பிழைக்கவைக்க வேண்டியவர்கள்:
வேன் ஓட்டும் ரொஹானா,
சைக்கிள் வாடகைக் கடை ஹோக் செங்,
புல் வெட்டும் இருவர்.
ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம்.

"கத்துங்க அண்ணே, நல்லாக் கத்துங்க."
கத்தினேன்.
பதறிப்போய் ஹோக் செங்
நல்ல காலில் பட்டையைக் கட்டினார்.
சிரித்து முடிக்க நேரமானது.

இரண்டாம் முறை கத்த வரவில்லை.
துவாஸில் சாரம் சரிந்த அன்று
அடைக்கலம் கத்தவே இல்லை.
செருப்பு எங்கே என்று கேட்டான்,
இரண்டு தடவை.
நாங்கள் அத்தனை பேரும்
விரல் நசுங்கிக் கத்தியவனைச்
சுற்றி நின்றோம்.

சொன்னேன்.
பயிற்சித் தாளில் ஒரு வரியை அடித்தார் வசுமதி.
"முதலிலிருந்து.
இவர் பேசமாட்டார். நீங்கதான் தேடணும்."

ரொஹானாவின் விரல்கள்
முழங்காலில் தொடங்கி
ஈரத்தைத் தொட்டுத் தொட்டு மேலேறி
உள்தொடையில் நின்றன.
பட்டை இறுகியது. குச்சியைத் திருகினாள்,
இன்னும் ஒரு சுற்று.
நிஜமாகவே வலித்தது; வாயைத் திறக்கவில்லை.
மணி கேட்டு என் நெற்றியில் எழுதினாள்:
பத்து நாற்பத்திரண்டு.

சாங்கி திரும்பும் படகில்
எவ்வளவு தேய்த்தும் மை போகவில்லை.
எதிரே இருந்த பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான்,
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
"உங்க நேரம் தப்பு, அங்கிள்."