ஒத்திகை வெள்ளம்

இன்று எனக்குப் பெயர் ஃப்ராவ் ப்ரூக்கர்.
வயது ஐம்பத்து மூன்று. அது மட்டும் என்னுடையது.
நேற்றிரவு பதினொன்று நாற்பதுக்கு
ஆறு என் வீட்டுக்குள் வந்தது.
கணவர் காரை எடுக்கப் போனார்.
இன்னும் வரவில்லை.

எல்லாம் பச்சை அட்டையில் அச்சாகி இருக்கிறது.
அடியில் ஒரு குறிப்பு:
அழ வேண்டியதில்லை.
வந்தால் தடுக்கவும் வேண்டாம்.

தூன் நகரப் பள்ளிக்கூடத்துக்குக் கீழே
குண்டு விழுமென்று கட்டி
குண்டே விழாத பங்கர்.
வெள்ளைச் சுவர், வெந்நீர்க் குழாய்,
கை கழுவ லாவெண்டர் சோப்பு.
எனக்குத் தெரிந்த பங்கரில்
பனங்குற்றியும் முழங்கால் மழைத்தண்ணியும்.
அதை யாருக்கும் சொல்லவில்லை.
அட்டையில் அது இல்லை.

மணிக்கு முப்பத்திரண்டு ஃப்ராங்க்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு.
துயரத்துக்குக் கூலி கொஞ்சம் கூட.

மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களுமாய்ப் பன்னிரண்டு பேர்.
அடுத்த வெள்ளத்துக்கு, அடுத்த மண்சரிவுக்கு
இவர்கள்தான் முதலில் போவார்களாம்.
ரெகுலா கையில் நேரக்கடிகாரம்:
‘புரிகிறது என்று சொல்லாதீர்கள், உங்களுக்குப் புரியாது.
எல்லாம் சரியாகிவிடும் என்றால்
கதவு அந்தப் பக்கம்.’

முதலாமவர் ‘எல்லாம் சரி’ வரை வந்து
நாக்கைக் கடித்தார்.
அடுத்தவர் எழுதினார், எழுதினார்;
என் கவலையைத் தலைகீழாக நானே வாசித்தேன்.
ஒருவர் கேளாமல் தோளைத் தொட்டார்.
ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கிவிட்டாள்.
நானே கைக்குட்டை கொடுத்து
நானே தண்ணீரும் கொடுத்தேன்.
ரெகுலா கடிகாரத்தை நிறுத்தினாள்.
ஐந்தாமவர் ஒரு பிழையும் விடவில்லை.
இஸ்திரி போட்ட விரிப்புப்போல,
யாரும் படுக்காத விரிப்பு.

ஒவ்வொருவருக்கும் முன்னால்
என் கணவர் மறுபடி காரை எடுக்கப் போனார்.

ஆறாவது, பெயாட்.
அடெல்போடன்காரன், கொஞ்சம் திக்கும்.
நாற்காலி இருக்க நிலத்தில் இருந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
என் கால்களையே பார்த்தான்.

காலையில் ரெகுலா
நிஜம்போல இருக்கட்டும் என்று
என் காலுறைகளை வாளியில் முக்கித் தந்திருந்தாள்.
எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
ஒருவரும் அதைக் காணவில்லை.

‘ஈ... ஈரம்’ என்றான்.
பையைத் துழாவி ஒரு சோடி எடுத்தான்.
சாம்பல் கம்பளி, பெருவிரலில் ஓட்டை.
‘தோய்த்ததுதான்’ என்றான் வெட்கப்பட்டு.
நான் மாற்றும்வரை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான்.
பிறகு கேட்டான்:
‘கார் என்ன நிறம்?’

அட்டையில் நிறம் இல்லை.

‘கார் இல்லை, சைக்கிள்.
பச்சை. பின் மட்காட் நசிந்தது.
பால்மா வாங்க என்று போனவர்,
செல் ஓய்ந்ததும் வாறன் என்றார்.’

தமிழில் சொல்லியிருக்கிறேன்.
அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவன் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.
தலையாட்டவும் இல்லை.
கடிகாரம் கூவியது. எழும்பவும் இல்லை.
ரெகுலாவும், முதல் தடவையாக,
கூவ விட்டாள்.

கஞ்சி ஆறும். புண் ஆறும்.
கோபம்கூட ஆறும்.
ஊரை அள்ளிப் போகிறதற்கும்
இதே பெயரை வைத்தவர்கள் நாங்கள்.
இந்த ஊர் நதிக்குப் பெயர் ஆரே.
வந்த புதிதில்
யாரோ தமிழில் பாதி சொல்லி
நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மதிப்பீட்டுத் தாளில் பத்துக் கேள்விகள்.
குரலின் தொனி, இடைவெளி, கண் தொடர்பு.
பெயாட்டுக்கு எதிலும் இலக்கம் போடவில்லை.
கீழே, பிற குறிப்புகளில், எழுதினேன்:
காலுறை.

பிற்பகலுக்கு இன்னும் ஆறு பேர்.
ரெகுலா வாளியோடு வந்தாள்.
‘பொறு’ என்றேன்.
கம்பளிச் சோடியைக் கழற்றி
கைப்பைக்குள், அட்டைக்குக் கீழே வைத்து,
வெள்ளத்துக்கென்று இருந்த
பழையதைப் போட்டுக்கொண்டேன்.

ஊற்று, இப்போது.