நாகமலையை யானைமலை என்ற நாள்

பெருங்குடி ஓடுதளத்தில் இறங்கியதும்
துளசிராம் சிரித்துக்கொண்டே சொன்னார்:
"யானைமலைக்கு மேலே ஒரு சுற்று, அமலி.
படுத்திருக்கிற யானை இன்றைக்கு
ரொம்ப நீளம்."
அவர் போனது வடமேற்கே.
அங்கே இருப்பது நாகமலை.

கீழவாசலில் பிறந்து அறுபத்திரண்டு வயதுவரை
வேறு ஊரில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் தூங்காதவர்.
தலைவலி என்றார். வெயில் என்றார்.
மதுரையில் எல்லாத் தலைவலிக்கும் வெயில்தான் பொறுப்பு.
ஒரு ஜிகர்தண்டா குடித்தால் போய்விடும் என்றார்.
மாலைக்குள் போயும்விட்டது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கருவிப் பலகையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும்.
கேபினில் மோனாக்சைடு சேர்ந்தால்
அதன் நடுப்பொட்டு கறுக்க வேண்டும்.
கறுக்கவில்லை.
கறுக்காது, ஆயுள் முடிந்து மூன்று கோடைகள்.
செத்த காவலாளி கையில்
விசில் இருந்து என்ன?

அறுபத்தொன்றில் செய்த துணிச்சிறகு விமானம்.
முதலில் டேராடூனில் இருந்தது,
அங்கே குளிர், அதனால் ஹீட்டர்.
சைலன்சரைச் சுற்றி ஒரு தகரச் சட்டை,
இடையில் ஓடும் காற்று சூடாகி உள்ளே வரும்.
சைலன்சர் விரிந்தால்
சூட்டோடு அதுவும் வரும்,
மணமில்லாமல், நிறமில்லாமல்,
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவரைப் போல.

மதுரையில் யார் ஹீட்டர் போடுவார்கள்?
குமிழ் உள்ளே தள்ளியிருந்தது.
மூடியிருக்கிறது என்று எழுதினேன்.
அமலோற்பவம். நீல மை. என் கையெழுத்து.
கம்பி துருவேறி பாதி வழியில் நின்றிருந்தது.
அடைப்பு ஒரு விரல் அகலம் திறந்தே,
எத்தனை வருடமோ.

இரவில் ஹேங்கர் விளக்குகளை அணைத்தோம்.
எலக்ட்ரீஷியன் ஃபைசல் என்ஜின் பக்கம், கையில் டார்ச்.
நான் கேபினுக்குள்,
கால் இருக்கைமேல், தலை பெடலுக்கு அடியில்.
"போடு" என்றேன்.
முழுசு என்று நம்பிய தடுப்புத் தகட்டில்
பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.
எப்போதோ கழற்றிய ரேடியோவின் கம்பித் துளை.
காய்ந்து சுருங்கிய ரப்பர் வளையம்.
ஆணி இல்லாத ஆணி இடம்.
பதினொன்று எண்ணினேன்.
அழகாக இருந்தது,
சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

காலையில் தூசி உறிஞ்சியின் குழாயைத்
திருப்பி மாட்டி
புகைபோக்கிக்குள் காற்று ஊதினோம்.
பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பெயின்ட் பிரஷ்.
தகரச் சட்டையைக் கழற்றி நுரை தடவியதும்
வெல்டிங் ஓரத்தில் ஒரு குமிழி
பெருத்தது, உடைந்தது,
மறுபடி பெருத்தது.
ஃபைசல் கைதட்டினான்.
நகம்கூட மாட்டாத விரிசல்.
அதற்குள்தான் ஒரு மனிதர்
தன் ஊரின் ஒரு மலையைத் தொலைத்திருந்தார்.

புது சைலன்சர் வர நான்கு வாரம் என்றார்கள்.
"கண்ணாடியைத் திறந்துவைத்துப் பறக்கிறேனே"
என்று வந்து நின்றார் துளசிராம்.
"திறந்தால் உள்ளே அழுத்தம் குறையும்,
வால்பக்கத்து ஓட்டை வழியாகப்
புகையை இழுக்கும்" என்றேன்.
நம்பவில்லை.
சாவி என் பையில் இருந்தது.
பேசாமல் போனார், மூன்று நாள் பேசவில்லை.

பதினொன்றையும் அடைத்தேன்.
தீ தாங்கும் பசை, புது வளையங்கள்,
கதவுக்குப் புது விளிம்பு ரப்பர்.
ஹீட்டர் குழாயை வேரோடு எடுத்து
முறையாக அனுமதி வாங்கி
வாயில் தகடு அறைந்தேன்.
பழைய கையெழுத்தை அடிக்கவில்லை.
அதன் கீழேயே எழுதினேன், அதே நீல மை:
தவறு. நேரில் பார்க்கவில்லை.

சோதனைப் பறப்பில் நான் பக்கத்தில்,
மடியில் எண் காட்டும் புது மீட்டர்.
அவனியாபுரம் கண்மாய் சாய்ந்து வந்தது,
தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம்.
"அது என்ன மலை?" என்றேன்.
"நாகமலை."
இன்னொரு திருப்பம்.
"அது?"
"யானைமலை. ஏன்?"
மறுபடி கேட்டேன்.
சௌராஷ்டிரத்தில் என்னவோ சொன்னார்,
என் பரம்பரையைப் பற்றி இருக்கலாம்.
உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
மீட்டர், பூஜ்யம்.
விமானி, வழக்கமான நிலையில்.