முப்பத்தொன்றரை

பெயரைக் கேட்டுத்தான் வீடு தந்தார் லீலாபாய்.
"வாசுகியா? கெணத்துக் கயித்த அந்தரத்துல விட்டுட்டுப்
புருஷன் கூப்பிட்டதும் ஓடினவ பேரு."
இன்னொரு வாசுகியும் உண்டு,
மலையைச் சுற்றிக் கடலைக் கடையக் கொடுத்த உடம்பு.
அதை நான் நினைவூட்டவில்லை.
பொன்னம்மாபேட்டை, கேட்டைத் தாண்டி இரண்டாவது சந்து,
கீழ்வீடு, ஆறாயிரத்து ஐந்நூறு,
தண்ணீருக்குத் தலைக்கு நூறு.
பத்திரத்தில் ஏழாவது நிபந்தனை:
நாய், பூனை, கோழி, புறா கூடாது.
இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பாத்திரம் பண்டங்களோடு
தலையணை உறைக்குள் முடிச்சுக்குள் வந்தாள் அவள்.
ஆப்பிரிக்க மலைப்பாம்பு, பயந்தால் பந்தாகிற இனம்.
பதிவுக் காகிதம் லேமினேட் செய்து பீரோவில்.
வெள்ளெலிகள் ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில்.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
நாளுக்கு எண்பது நெஞ்சு,
நெஞ்சுக்கு இருபத்துநாலு விலா.
"மூச்சை இழு, நிறுத்து, விடு."
இருட்டி வீடு வந்து
விலாவைத் தவிர வேறில்லாத ஒருத்தியைத்
தோளில் போட்டுக்கொள்வேன்.
அவள் மூச்சை நான் நிறுத்தச் சொல்வதில்லை.

ஆவணியில் கோவையிலிருந்து ஒருவன்
பதினெட்டு நாள் விருந்தாளியாக வந்து போனான்.
ஐப்பசிக் கடைசியில் சட்டை உரித்தாள்.
கார்த்திகை முடிவதற்குள் ஏழு முட்டை,
ஒன்றோடொன்று ஒட்டி.
தெர்மாகோல் பெட்டி, ஈரமணல், ஹீட்டர் ஒயர்.
முப்பத்தொன்றரை டிகிரி. அவ்வளவுதான் அவை கேட்டது.
கைப்பேசி வெளிச்சத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது,
என் ஃபிலிம் எதிலும் வராத நிறம்.

தை இருபத்தாறு. மாதாந்திரப் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது.
ஏற்காட்டுப் பக்கம் மூட்டமாகவே விடிந்திருந்தது.
முப்பது.
வெந்நீர்ப் பாட்டில் பதினொன்று வரை தாங்கியது.
இருபத்தெட்டே முக்கால்.
மேலே இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும் சத்தம்.

பதினாலு படி. மூன்று பொய் தயாரித்தேன்.
இன்சுலின். தயிர் உறை. லேப் சாம்பிள்.
கதவு திறந்ததும்
"பாம்பு முட்டை" என்றது வாய்.

"எத்தனை?"
"ஏழு."
"தாய்?"
"பீரோ பக்கத்துல."
சுவரைப் பார்த்து சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார்.
சாமி பெயர் ஒன்று அதில் இருந்தது.
பிறகு மாடி ஜன்னலிலிருந்து
மஞ்சள் ஒயர் ஒன்று நெளிந்து இறங்கியது.
எதைப் போலிருந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.
உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.
"வெள்ளிக்கு வெள்ளி புத்துல முட்டை ஒடச்சு ஊத்துறேன்.
அதுங்க முட்டைக்கு நான் கரண்டு குடுக்கணும்னு இருந்திருக்கு."
"ம்."
"ஏறுதா?"
"முப்பது புள்ளி ரெண்டு."
"இதுங்க தண்ணி குடிக்குமா?"
"குடிக்கும்."
விரல் மடக்கி எண்ணினார்.
பிறகு, எழுந்திருக்கும்போது,
குரல் மாறாமல்:
"பங்குனி பொறந்ததும் காலி பண்ணிடு கண்ணு.
பொரிக்கட்டும். அதுக்கு முன்னால வேணாம்."

நான்காம் நாள். ஏழில் ஆறு.
ஒன்று மஞ்சளித்துச் சுருங்கிப் போனது,
கடைசிவரை அதை எடுக்க மனம் வரவில்லை.
மற்றவை தோலைக் கீறி
மூக்கை மட்டும் நீட்டி
ஒரு பகல், ஓர் இரவு அப்படியே கிடக்கின்றன.
வெளியே வர அவசரமில்லை.
நான் கைப்பேசியில் சூரமங்கலத்து வீடுகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்,
சைவம் மட்டும், சிறு குடும்பம் மட்டும்.
அவையோ
குழாயில் தண்ணீர் வருமா,
சுவரில் ஓதம் இருக்கிறதா,
மேலே குடியிருப்பது யார் என்று
நின்று நிதானமாகப் பார்க்கின்றன,
அட்வான்ஸ் கொடுக்கும் முன்.