ஐந்து டிகிரி

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எனக்கு ஒரு பாடம் முடியும்.
சரக்கு ரயிலின் பெட்டிக்கொரு தசை
டெல்டாய்டு, சுப்ராஸ்பினேட்டஸ், டெரெஸ் மைனர்...
முப்பத்தெட்டாவது டேங்கரில் மறந்துபோகும்.
மறந்ததைப் பக்கத்தில் நிற்பவர்கள் உடம்பில் தேடுவேன்:
தண்ணீர் கேன்காரரின் ஒருபக்கம் தாழ்ந்த தோள்,
மீன்பாடி வண்டியில் ஒற்றைக்கால் ஊன்றியவரின்
இறுகிய கெண்டைக்கால்.
கெண்டைக்கால்!
தமிழில் படித்திருந்தால் காசிமேட்டுக்காரிக்குப்
பாதி மார்க் மீனிலேயே கிடைத்திருக்கும்.

"நீட்ல மார்க் வரலியா?"
"பிடிச்சு விடறதுக்கா நாலரை வருஷம்?"
இவை ஷேர் ஆட்டோவின் கேள்விகள்.
ஃபீஸ் ரசீதை நான்காய் மடித்தபடி அம்மா கேட்பது வேறு:
"அப்பால இன்னா வேலை?"

அப்பால,
பெனாசிர் துபாய் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள்.
கிளமென்ட் வியாசர்பாடியில் ஒரு கால்பந்து டீமோடு
ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடுகிறான்,
சம்பளம் அடுத்த சீசனாம்.
தலை நிற்காத குழந்தைகளோடு தரையில் தவழ்கிறார்
ஒரு சீனியர் அக்கா.
சொந்த கிளினிக் வைத்தவருக்கு எட்டு மெஷின், ஏழு தவணை.
மேலே படித்தால் வாத்தியார்.
இல்லையென்றால் பெல் அடித்து, செருப்பைக் கழற்றி,
வீடு வீடாய்.
நான் இன்னும் எதற்கும் தலையாட்டவில்லை.

வார்டில் துளசிங்கம்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
வலது பக்கம் விழுந்து ஐந்தாவது வாரம்.
"தூக்குங்கண்ணா" என்றால்
"ஓவர்லோடுமா, லிஃப்ட் ஆவாது" என்பார்
கோணலான வாயோடு.

இன்று முழங்கையில் கோணமானியை வைத்து
இரண்டு முறை பார்த்தேன்.
நூற்றிரண்டு.
போன வாரம் தொண்ணூற்றேழு.
"அஞ்சு டிகிரி ஏறியிருக்குக்கா!"
பேபியம்மா தூக்குவாளியை மூடிவிட்டுக் கேட்டார்:
"அஞ்சு டிகிரின்னா எவ்ளோமா?"

எவ்வளவு?
விரலைப் பிரித்துக் காட்டினேன், தப்பாக இருந்தது.
கடிகார முள்ளில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு என்றேன்,
அவர் முகம் சுருங்கியது.

அதற்குள் அந்தக் கை
நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கி
மார்பைக் குறுக்காகக் கடந்து
சட்டைப்பையில் இறங்கியது.
இரண்டு விரலுக்கு நடுவே
எப்போது யார் கொடுத்ததோ,
ஒரு பீடி.

பேபியம்மா பிடுங்கிக்கொண்டு போட்ட சத்தத்தில்
நர்ஸ் ஓடிவந்தார்.
துளசிங்கம் சிரித்தார், வலது பக்கமும் கொஞ்சம்.

நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.
'உதவியின்றி, கை சட்டைப்பைக்கு எட்டியது.'
தேதி. கையெழுத்து.
பீடியை எழுதவில்லை.