நீடாமங்கலம் கேட்டில் பதினோரு மணி

மூக்கில் குழாய் நுழையும் இடத்தில்
நர்ஸ் ஒரு கோடு காட்டினாள். ஐம்பத்தைந்து.
கோடு நகர்ந்தால் ஓடி வரணும் என்றாள்.
அன்றிலிருந்து மதியழகன்
காலையில் எழுந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை,
கோட்டைப் பார்க்கிறார்.

போர்செட் மெக்கானிக்.
கொரடாச்சேரி சுற்றுவட்டாரத்தில்
இவர் திட்டாத மோட்டார் இல்லை.
முதல்நாள் கஞ்சி இறங்காமல் நின்றபோது
யாரையும் கூப்பிடவில்லை,
"காத்து புடிச்சிருக்கு" என்றார்.
குழாயை விரலால் சுண்டி
சிரிஞ்சைத் தலைக்கு மேல் தூக்கி
கொஞ்சம் வெந்நீர் விட்டார்.
இறங்கியது.
அவருக்கு, நாற்றங்காலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த முகம்.
எனக்கு, வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு.
சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.
நிரம்பினேன், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷமாக
உப்பு ஜாடி எந்தப் பக்கம் என்று தெரியாத மனுஷன்.
குழம்பு எப்படி என்றால்
"இருக்கு" என்பார்.
இப்போது கேழ்வரகை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி
என் பழைய வாயில் புடவைக் கிழிசலில்
இரண்டு தரம் வடிகட்டி
ஆறியதும் ஒரு கரண்டி தன் வாயில் விட்டு
கண்ணை மூடிக்கொண்டு
"உப்பு கம்மி" என்கிறார்,
நாக்கைத் தொடாமலே போகப்போகிற கஞ்சிக்கு.
சிரிப்பு வந்தது.
சிரித்தால் கன்னத்துக்குள் தீக்குச்சி உரசும்.
போடுங்கள் என்று கையை ஆட்டினேன்.

பன்னிரண்டாவது கரண்ட் வைத்த ராத்திரி
பிடுங்கிப் போட்டேன்.
எதிர்வீட்டில் கருவாடு வறுத்தார்கள்.
அது ஒன்றுதான் காரணம்.
அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
விடியற்காலையில் டிவிஎஸ்ஸில் உட்காரவைத்துக்
கொண்டுபோனார் தஞ்சாவூருக்கு.
முழுங்கும்மா, முழுங்கு, முழுங்கு என்கிறாள் நர்ஸ்.
கண்ணீருக்கு நடுவே பார்க்கிறேன்,
கதவோரம் நின்று
இவர் முழுங்கிக்கொண்டிருக்கிறார்.
தொண்டை ஏறி ஏறி இறங்குகிறது.

இன்று இருபதாவது.
பஸ்ஸில் ஜன்னலோரம்.
மிச்சக் குழாயைப் பேனா மாதிரி
காதில் செருகியிருக்கிறேன்.
முந்தானையால் மூடுவதை விட்டாயிற்று,
குழந்தைகள் பார்த்தால் பார்க்கட்டும்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்,
கடைமடைக்கு இன்னும் பத்து நாள் ஆகுமாம்,
முன்சீட்டில் பேச்சு.
நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள்.
இந்த கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பதினோரு மணி.
அவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார்.
இங்கேயா?
இங்கேதான்.
ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்து
மறு கையால் சிரிஞ்சை உயர்த்தி
நின்றார். பஸ்ஸே அடங்கிப்போனது.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள்
ஜன்னலுக்குக் கீழே வந்து, நிமிர்ந்து பார்த்து,
கூவாமல் அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.
நெல்மூட்டை ஏற்றிய கூட்ஸ்
பெட்டி பெட்டியாய்ப் போய்க்கொண்டே இருந்தது.

பாதியில் கேட் திறந்துவிட்டது.
பஸ் குலுங்கியதில்
பக்கத்து அம்மா மடியில் கஞ்சி.
புதுப் புடவை, கல்யாணத்துக்குப் போகிறவள் போல.
துடைக்கக்கூட இல்லை,
"பிளாஸ்க்க இப்புடிக் குடுங்க" என்று
வாங்கிப் பிடித்துக்கொண்டாள்,
அம்மாப்பேட்டை வரைக்கும்.

அப்புறம் ஒரு ஏப்பம்.
எனக்கு மிச்சமிருக்கும் ருசி
அந்த வழியாகத்தான் வருகிறது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினேன்:
பெருங்காயம் போட்டீங்களா?

படித்தார்.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.
"கொஞ்சூண்டு."

டிக்கெட்டைத் திரும்ப வாங்கி
அடியில் எழுதினேன்:
ஜாஸ்தி.